கால இயந்திரத்தைக் கிடத்தக் கூடாது

எங்கள் படத்தின் விஞ்ஞானம் முழுவதும் இல்லாமையில் பிறந்தது. கால இயந்திரம் ஏன் நேற்றைக்கு மட்டும் போகிறது என்று கேட்பார்கள். அதற்கும் பின்னால் போனால் அந்தக் காலத்து உடுப்பு தைக்க வேண்டும். நேற்று என்றால் அதே சட்டை போதும். உலகத்தில் ஏன் ஒரே ஒரு மனிதன் மிஞ்சியிருக்கிறான்? படப்பிடிப்புக்குக் கட்டாயம் வருகிறோம் என்று சொன்ன மற்றவர்கள் வரவில்லை. நாயகனுக்கும் வில்லனுக்கும் ஏன் ஒரே முகம்? மாமாவுக்கு ஒரே முகம்தான்.

'குளிர்ந்த நேற்று' என்பது தொடரின் பெயர். இரண்டு பாகங்கள் இணையத்தில் வெளியாகியிருந்தன. இயக்கம், கேமரா, கதை, பிடிவாதம் எல்லாம் என் அக்கா. அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறாள். வாரம் ஒருநாள் விடுமுறையில் உலகத்தை அழிக்கிறாள். நடிப்பு எங்கள் அம்மாவின் தம்பி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒலி, ஒளி, டீ மூன்றும் நான். கல்லூரியில் படிக்கிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள்.

கால இயந்திரம் என்பது மாமாவின் பட்டறையில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜ். மேலே சின்னக் கதவு, கீழே பெரிய கதவு. கீழே அது எதையும் குளிர வைக்காது. மேலே மட்டும் பழைய பகை போல உறைந்து கிடக்கும். சின்னக் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை பொங்கி, பெரிய கதவின் மேல் வழிந்து, தரை வரைக்கும் இறங்கும். எங்கள் தொடரின் ஒரே மாயாஜாலம் அந்தப் பனிப்புகை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் விமர்சனம் எழுதுகிறவர்கூட அதைப் பாராட்டியிருந்தார். அவர் எழுதியது இவ்வளவுதான்: "பார்க்கலாம். வேறு வேலை இல்லையென்றால். புகை நன்று." அக்கா நடு வாக்கியத்தைக் கத்தரித்துவிட்டு மற்ற இரண்டையும் போஸ்டரில் போட்டாள்.

இரண்டாம் பாகம் முடிந்த இடம்தான் வினை. நாயகன் நிதானமானவன், விஞ்ஞானி. நேற்றிலிருந்து வந்த வில்லனுக்கோ ஒரு நாள்தான் ஆயுள், அதனால் எப்போதும் பரபரப்பு. முகமும் உடையும் ஒன்று என்பதால் வில்லனுக்கு மட்டும் ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டிருந்தோம். கடைசிக் காட்சியில் இருவரும் இயந்திரத்தின் முன்னால் மோதுகிறார்கள். விளக்கு அணைகிறது. இருட்டில் ஒரு கதவு மூடும் சத்தம். வெளிச்சம் வரும்போது ஒரே ஒருவன் நிற்கிறான். கையில் கடிகாரம் இல்லை. கடிகாரம் தரையில் கிடக்கிறது. அவன் நம்மைப் பார்க்கிறான். படம் முடிந்தது.

மிஞ்சியது யார்? இந்தக் கேள்வியோடு அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. கண்ணாடிக் கடையில் ஒருவரை உட்கார வைத்து, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டால், "வரியை விடுங்க மேடம், வாட்சைக் கழட்டினது யாரு?" என்பார். மூன்றாம் பாகத்தில் பதில் இருக்கிறது என்று அக்கா ஊரெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தப் பாகத்தை எடுத்தும் முடித்துவிட்டாள், கடைசிக் காட்சி ஒன்றைத் தவிர. அதற்குள் மாமாவுக்குச் சரக்குக் கப்பலில் குளிரறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துவிட்டது. பட்டறையை மூடிவிட்டு மாலை பஸ்ஸில் துறைமுகத்துக்குக் கிளம்புகிறார். போனால் எப்போது திரும்புவார் என்று கப்பலுக்கே தெரியாது. ஆகவே பதில் இன்றைக்கு வர வேண்டும். இல்லையென்றால் வரவே வராது.

காலையில் நாங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் அக்கா முதல் காரியமாக மாமாவுக்கு விஞ்ஞானி அங்கியை மாட்டிவிட்டாள். காரின் முன் கண்ணாடிக்கு வெயில் தாங்க வைப்பார்களே, அந்த வெள்ளி மறைப்பில் இரண்டை ஒட்டித் தைத்தது. முதுகில் வரிசையாக நாடா. முடிச்சுப் போட்டுவிட்டால் அவிழ்க்க ஒரு குடும்பமே வேண்டும். அந்த அங்கிக்கு ஒரு குணம் உண்டு. அதைப் போட்டதும் மாமாவின் முதுகு நிமிரும், நடை மாறும், வாயில் தூய தமிழ் மட்டும் வரும்.

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பிய அக்கா அப்போதுதான் மூலையைப் பார்த்தாள். தரையில் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

"மாமா, மெஷின் எங்கே?"

"எந்த மெஷின்?"

"காலத்தைக் கடக்கிற மெஷின்."

"அதுவா!" அங்கிக்குள்ளிருந்து பழைய மாமா எட்டிப் பார்த்தார். "வித்துட்டேன் பாப்பா."

"வித்துட்டீங்களா?"

"கடையை மூடுறதுக்கு முன்னாடி ஒரு கை பார்ப்போம்னு பிரிச்சேன். சரியாயிடுச்சு. கீழேயும் குளுகுளுன்னு ஆயிடுச்சு. நல்லா ஓடுற ஃப்ரிட்ஜைச் சும்மா நிறுத்தி வெச்சா மனசு கேக்குமா? வீட்டிலேயே கேக் செஞ்சு விக்கிற அம்மா ஒருத்தங்க கேட்டாங்க, கொடுத்துட்டேன்."

"இன்னிக்குக் கடைசிக் காட்சி மாமா."

"அதுக்கென்ன? அதோ அந்த நீலத்தை எடுத்துக்கோ. அதைவிட இது ஒரு சாண் ஒசரம். கெத்தா இருக்கும்."

விசிலுக்கு முந்தைய குக்கரும் அக்காவும் ஒன்று. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"முதல் பாகத்துல ஆத்திரத்துல ஓங்கி உதைச்சீங்களே, அந்த நசுங்கல் நீலத்துல இருக்கா?"

"இப்போ வேணும்னா உதைச்சுத் தரேன்."

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சுட்டு, வேற சட்டி தரேன்னு சொல்றீங்களா? ரெண்டு பாகமா ஜனங்க அந்தக் கதவைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க. உங்களைப் பார்க்கலை, கதவைப் பார்க்கிறாங்க."

இது மாமாவைச் சுட்டிருக்க வேண்டும். "டேய் மாப்ளே, உங்கக்கா சொல்றது நெசமா?" என்று என்னைக் கேட்டார்.

"புகையையும் பார்க்கிறாங்க மாமா," என்றேன்.

அக்கா தெருவில் இறங்கி ஒரு மினி வேனைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

கேக்கம்மா என்று நாங்கள் பெயர் வைத்துக்கொண்ட அந்த அம்மாள் கதவைத் திறந்ததும் முதலில் மாமாவைத்தான் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"ஃப்ரிட்ஜ் கொடுத்த மெக்கானிக்குங்க."

"அப்போ ஏன் பார்சல் கட்டின மாதிரி நிக்கிறீங்க?"

அக்கா விஷயத்தைச் சொன்னாள். கால இயந்திரம், நேற்று, வில்லன், கடிகாரம் என்று ஒன்று விடாமல். கேக்கம்மா கையில் க்ரீம் தடவும் கத்தியோடு நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "அதாவது என் ஃப்ரிட்ஜுக்குள்ள ஆள் போயிட்டு வந்திருக்கான்," என்றார்.

"ஆள் நுழையறதைத் தனியா எடுத்தோம், கதவு மூடறதைத் தனியா எடுத்தோம், அப்புறம் ஒட்டினோம். மாமாவை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்தினதே கிடையாது."

"காலையாவது உள்ளே வெச்சாரா இல்லையா?"

"வெச்சாரு," என்றேன் நான். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

கேக்கம்மா நல்லவர். இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சமையலறையைக் காட்டினார். மஞ்சள் சுவர், சுவர் முழுக்க ஸ்டிக்கர் கிளிகள். உலகம் அழிந்த பின் மிஞ்சியவை இந்தக் கிளிகள் என்று வசனத்தில் சேர்த்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அக்கா அசையவில்லை. காலம் மாறலாம், அறை மாறக் கூடாது என்பது தொடரின் முதல் விதி. அந்த விதி வந்ததே வேறு அறை இல்லாததால்தான்.

கடைசியில் கேக்கம்மா இறங்கி வந்தார். பாலையும் க்ரீமையும் எதிர் வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டு வைத்தார். அவர் சுத்தத்தில் பிடிவாதக்காரர். இரவல் கொடுக்கும் பொருளைக்கூட அழுக்காகக் கொடுக்க மாட்டார். உறைந்திருந்த பனியையெல்லாம் சுரண்டி, உள்ளே துடைத்துக் காயவைத்துத்தான் கொடுத்தார்.

"சாயங்காலம் திரும்ப வரணும். நாளைக்குப் பெரிய ஆர்டர். பழுதாகி வந்துச்சுன்னா, நேத்தைக்கு என்ன, போன வருஷத்துக்கே உங்களை அனுப்பிடுவேன்."

"என் பொறுப்பும்மா," என்றாள் அக்கா.

தெருவில் வேன்காரர் கூரைத் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார். கம்பிகள் தாழ்வு. "நிக்க வெச்சா இடிக்கும். தார்ப்பாயைக் கழட்டட்டுமா, இல்ல படுக்கப் போடலாமா? சட்டுனு சொல்லுங்க."

மாமா முதுகை நிமிர்த்தினார். தெருவில் நாலு பேர் நின்று அங்கியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது போதாதா? வலது கையை உயர்த்தி, இரண்டு பாகங்களிலும் யாரும் கேட்காத கம்பீரத்தோடு சொன்னார்: "இயந்திரத்தைக் கிடத்துங்கள்!"

கிடத்தினோம்.

பட்டறையில் ஃப்ரிட்ஜ் அதே சதுரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது. நசுங்கல் கேமராவைப் பார்த்தது. அக்கா செல்போனைத் துடைப்பக் கட்டையில் கட்டி, கட்டையை நாற்காலியில் கட்டி, கோணம் பார்த்தாள். திட்டம் எளிது. மிஞ்சியவன் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கிறான். அந்தக் கை மட்டும் என்னுடையது. பிறகு உறையும்வரை காத்திருந்து, சின்னக் கதவைத் திறந்து, புகைக்கு நடுவில் நின்று மாமா தான் யார் என்று சொல்லும் வசனத்தைப் பேசுகிறார். மதியத்துக்குள் புகை தயாராகிவிடும். பஸ்ஸுக்கு நேரம் தாராளம்.

"ரோலிங். மாமா, பார்வை மெஷின் மேல. தம்பி, கை."

நான் பிளக்கை எடுத்துச் சாக்கெட்டின் வாய் வரை கொண்டுபோனேன்.

"டேய்ய்! தொடாதே! எடு கையை! எடுறா!"

விஞ்ஞானி போய்விட்டார். அங்கி பறக்க ஒரே தாவலில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது மெக்கானிக். முகம் வெளிறி, மூச்சு இரைத்தது. மாமா ஃப்ரிட்ஜைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், தன் அங்கியைப் பார்த்தார்.

"படுக்கப் போட்டுக் கொண்டு வந்தோம்," என்றார் மெதுவாக.

"ஆமா. நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அக்கா.

"நானா சொன்னேன்?"

"கிடத்துங்கள்னு சொன்னீங்க."

"அது விஞ்ஞானி சொன்னது பாப்பா! நான் சொல்வேனா? ஒவ்வொரு வீட்டிலேயும் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிட்டு வர்றவன், ஃப்ரிட்ஜைச் சாய்க்காதீங்க, சாய்க்காதீங்கன்னு." தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "சாய்ச்சா கம்ப்ரஸர்ல இருக்கிற ஆயில் பைப்புக்குள்ள ஏறிடும். உடனே ஓட்டினா அவ்வளவுதான், கம்ப்ரஸர் காலி. நிக்க வெச்சு, ஆயில் இறங்கிற வரைக்கும் பொறுக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை நாள் நின்னாத்தான் எனக்கு நிம்மதி."

"அரை நாள் கழிச்சு ஓட்டினா புகை எப்போ வரும்?"

"ராத்திரி."

"உங்க பஸ்?"

மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தா என்ன? காலி ஆகாமலும் போகலாமே."

"போகலாம்," என்றார் மாமா. "கேக்கம்மா வீட்டு வாசல்ல நீ நிப்பியா?"

"ஊதுபத்திப் புகை?"

"முதல் பாகத்துல முயற்சி பண்ணிப் பார்த்தோமே," என்றாள் அக்கா. "கால இயந்திரம் தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு. பக்கத்துக் கடைக்காரர் தண்ணி ஊத்திட்டாரு."

பிறகு அவர்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள். கண்ட பொருளையெல்லாம் ரிப்பேர் செய்கிற கை என்றாள் அக்கா. முடிச்சுப் போட்டு மனிதனை மூட்டையாக்கினால் அவனுக்கு மூளை எங்கே வேலை செய்யும் என்றார் மாமா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அக்கா ஆரம்பிக்க, இங்கே ஆடுறது நான், கோணல் வெச்சது நீ என்று மாமா முடித்தார். நான் ஒலிப்பதிவாளன் என்பதால் எல்லாவற்றையும் பதிவு செய்தேன். சத்தம் தெளிவாக வந்தது.

திடீரென்று அக்கா நிறுத்தினாள். துடைப்பக் கட்டையிலிருந்து செல்போனை அவிழ்த்தாள். அது அதுவரை ஓடிக்கொண்டேதான் இருந்தது. பின்னால் தள்ளி, மாமா தாவி வந்த இடத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். எங்களிடம் திருப்பிக் காட்டினாள்.

திரையில் வெள்ளி அங்கி போட்ட ஒருவன் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பாகங்களிலும் மாமா நின்ற நிலைதான் அது. பல்வலிக்காரன் ஜோசியம் சொல்வது போல இருக்கும். ஓரத்திலிருந்து ஒரு கை பிளக்கோடு வருகிறது. அதைப் பார்த்த கணத்தில் அவன் முகம் மாறுகிறது. உண்மையான பயம். இயந்திரம் செத்துவிடுமே என்ற பயம்.

"மாமா," என்றாள் அக்கா. "மூணு பாகத்துல நீங்க இப்பத்தான் நடிச்சிருக்கீங்க."

"நான் எங்கே நடிச்சேன்? கத்தினேன்."

"வில்லன் எப்படிப்பட்டவன்?"

"அவசரக்காரன். ஒரு நாள்தானே ஆயுசு."

"மிஞ்சினவன் வில்லனா இருந்தா இந்த பிளக்கை என்ன செய்வான்?"

"போட்டுடுவான். அவனுக்கு ஏது நேரம்?" என்றவர் நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாயகன்தான் தடுப்பான்."

"தடுத்தா மட்டும் போதாது. பொறுத்து உட்காரணும். புகை வேண்டாம், வசனம் வேண்டாம். மெஷின் முன்னாடி நீங்க உட்கார்ந்து காத்திருக்கிறதைத்தான் எடுக்கப் போறேன்."

"வசனம் வேண்டாமா? ஒரு வாரமா மனப்பாடம் பண்ணியிருக்கேனே!"

"கப்பல்ல மீன்கிட்ட சொல்லிக்கோங்க."

"யாரு பார்ப்பா, ஒருத்தன் ஃப்ரிட்ஜ் முன்னாடி உட்கார்ந்திருக்கிறதை?" என்று நான் கேட்டேன். நியாயமான கேள்வி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

"பதறாத காரியம் சிதறாது. நீ டீ வாங்கிட்டு வா," என்றாள்.

நாற்காலியைச் சதுரத்துக்கு எதிரே போட்டாள். கேமராவை நசுங்கலும் முகமும் ஒருசேரத் தெரிகிற உயரத்தில் கட்டினாள். ஜன்னலில் ஒரு பழைய மூக்குக் கண்ணாடி லென்ஸைத் தொங்கவிட்டாள்; அதன் வழியாக ஒரு சிறிய வட்ட வெயில் ஃப்ரிட்ஜ் கதவில் விழுந்தது. மாமா உட்கார்ந்தார். தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் "கட்" என்றாள். "மாமா, கையில வாட்ச்."

அப்போதுதான் கவனித்தோம். பஸ் பயத்தில் மாமா மணிக்கட்டை நொடிக்கொருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லனேதான். அவருடைய சொந்தக் கடிகாரத்தைத்தான் வில்லனுக்குக் கட்டியிருந்தோம். எங்களிடம் வேறு இல்லை.

"நேரம் தெரியணுமே பாப்பா. பஸ் போயிடுமே."

"நான் சொல்றேன். நீங்க பார்க்கக் கூடாது."

மாமா கடிகாரத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல், எட்டி ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தார், முகம் கீழே இருக்கும்படி. அதை அக்கா படம் பிடித்துவிட்டாள். "கட்" சொன்னாளே தவிர, கேமராவை நிறுத்தியிருக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை விவரிப்பது கஷ்டம், ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. வட்ட வெயில் கதவில் மெதுவாக ஏறியது. மாமா எழுந்து போய் ஃப்ரிட்ஜின் விலாவில் காதை வைத்துக் கேட்டார், மறுபடி உட்கார்ந்தார். ஒரு முறை நசுங்கலை விரல் முனையால் தடவினார். டீ குடித்தார், விஞ்ஞானிகளும் குடிப்பார்கள் என்று அக்கா அனுமதித்தாள். ஒரு ஈ அங்கியில் உட்கார்ந்து, தன் முகத்தை அதில் பார்த்துக்கொண்டு போனது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் இல்லாததைப் பதிவு செய்தேன். அந்த ஒன்றும் இல்லாததுக்குள் தெருவின் வண்டிச் சத்தம், பக்கத்துக் கடை ஷட்டர், மாமாவின் மூச்சு எல்லாம் இருந்தன.

நடுவில் மாமா தலையைத் திருப்பாமல் பேசினார். "பாப்பா, கப்பல்ல ஆடுமே. அங்கே ஃப்ரிட்ஜ் எல்லாம் சாயாதா?"

"தெரியலை மாமா."

"நானும் கேக்கலை. போய்ப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. உன் படத்துல இதை வெட்டிடு."

அக்கா கேமராவின் பின்னால் இருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் இருந்தது. ஆனால் கோணத்தை அவள் அசைக்கவில்லை. போகாதீர்கள் என்று அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் மாமா இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவள் கேட்டது வேறு. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க மாமா."

வெயில் கதவின் மேல் விளிம்பைத் தாண்டியது. அக்கா என் செல்போனில் மணியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மாமா எழுந்தார். இந்த முறை என் கை வேண்டாம் என்றார். பிளக்கைத் தானே எடுத்து, அங்கியின் ஓரத்தால் ஒரு தடவை துடைத்து, சாக்கெட்டில் வைத்து அழுத்தினார். சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் கை துடைப்பக் கட்டையை இறுக்கிப் பிடித்தது. கேக்கம்மாவின் ஆர்டர் என் கண் முன்னால் நெய்யில் செய்த கோபுரம் போல உருகியது. மாமா மட்டும் அசையாமல், தலையைச் சாய்த்து, எங்கோ தூரத்துப் பேச்சைக் கேட்பவர் போல நின்றார்.

ஃப்ரிட்ஜ் உடம்பை ஒரு முறை உலுக்கிக்கொண்டது. தலையில் இருந்த கடிகாரம் கிணுகிணுவென்று நடுங்கியது. பிறகு சீரான முனகல். மாமா பெரிய கதவைத் திறந்தார். புகை வரவில்லை. உள்விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். அந்த மஞ்சள் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. விளக்கைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், வேலை முடிந்த எந்த வீட்டிலும் அவர் ஆட்டுகிற மாதிரி. கதவை மெதுவாகச் சாத்தினார்.

"இது நேத்தைக்குப் போறதுக்கு இல்லை," என்றார். வசனமா என்று எனக்குத் தெரியவில்லை. "ஓட்டம் சரியா இருக்கு."

"கட்," என்றாள் அக்கா. அடுத்த மூச்சில், "மாமா, பஸ்!"

முடிச்சை அவிழ்க்க முயன்றோம். காலையிலிருந்து வியர்வையில் ஊறி எல்லாம் கல்லாகியிருந்தன. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. நாடாவுக்குள் எங்கே போகும்? மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா கேமராவைத் துடைப்பக் கட்டையோடு தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயில் முழுவதும் அங்கியில் பட்டு, தெருவில் இருந்த எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். நடத்துநர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கேய்யா போறே?"

"துறைமுகம்."

"அங்கேயிருந்து?"

"தெரியலை," என்றார் மாமா. ஏறினார். படியில் நின்று திரும்பி, எங்களைப் பார்த்துக் கத்தினார்: "டேய் மாப்ளே! திரும்பக் கொண்டு போறப்போ நிக்க வெச்சு!"

பஸ் போய்விட்டது. அக்கா கட்டையை இறக்கவில்லை. கடைசி மினுக்கலும் திருப்பத்தில் மறைகிறவரை எடுத்தாள். பிறகுதான் மூக்கை உறிஞ்சினாள். "முடிஞ்சுது," என்றாள். எங்களால் கனவிலும் செலவு செய்ய முடியாத ஒரு கடைசிக் காட்சி எங்களுக்குக் கிடைத்திருந்தது: நூறு பேர் வேடிக்கை பார்க்கிற நிஜத் தெரு, நிஜ பஸ், வெள்ளி அங்கியோடு நாளைக்குப் போகிற ஒருவன்.

ஃப்ரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுபோனோம். வேன்காரர் முணுமுணுத்துக்கொண்டே தார்ப்பாயைக் கழற்றினார். நானும் அக்காவும் பின்னால் ஏறி, ஆளுக்கொரு பக்கம் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு குழியிலும் அக்கா "மெதுவா, மெதுவா" என்று கத்த, வேன்காரர், "உள்ளே ஆளா இருக்கு?" என்று கேட்டார்.

கேக்கம்மா வாசலிலேயே நின்றார், இடுப்பில் கையோடு. ஃப்ரிட்ஜை உள்ளே வைத்து, பிளக்கைப் போட்டு, அது முனகுகிறவரை வாயைத் திறக்கவில்லை. முனகியதும் திறந்தார்.

"ஃப்ரிட்ஜ் இல்லாம க்ரீமும் அடிக்க முடியலை, ஒண்ணும் செய்ய முடியலை. உங்க படத்தைப் போட்டுப் பார்த்தேன்."

"எதை?" என்றாள் அக்கா.

"ரெண்டையும்தான். முதல்ல கொஞ்சம் அறுவை. அந்த ஆளு கண்ணை ஏன் அப்படி உருட்டுறாரு? அப்புறம் விட முடியலை. பார்க்கிற மாதிரிதான் இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "சரி, மிஞ்சினது யாரு? நல்லவனா, மத்தவனா? என்கிட்ட மட்டும் சொல்லு."

இரண்டு வருடங்களாக இந்தக் கேள்வியைக் கேட்டால் அக்காவின் நெற்றி சுருங்கும். இன்றைக்கு இல்லை.

"வந்து பாருங்கம்மா," என்றாள்.

"என் ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் எடுத்துட்டு, எனக்கே சொல்ல மாட்டியா?" என்றவர், எதற்கோ அண்ணாந்து பார்த்தார். ஃப்ரிட்ஜின் தலைக்குக் கை நீட்டி, கவிழ்ந்து கிடந்த கடிகாரத்தை எடுத்தார். நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். அத்தனை குழிகளிலும் அது விழாமல் வந்திருந்தது. கேக்கம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். கண்கள் மெல்ல விரிந்தன.

"அப்போ," என்றார், "கழட்டினது கட்டியிருந்தவரேதானா?"

அக்கா கடிகாரத்தை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டாள். வார் பெரிது, தொளதொளவென்று தொங்கியது.

"க்ரீமை உள்ளே வைங்கம்மா," என்றாள். "குளிர ஆரம்பிச்சிருக்கும்."